ஸ்டெல்லாரிஸ்: முதல் முப்பது வருஷத்தைத் தாண்டுறது எப்படி

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ஸ்டெல்லாரிஸை சேல்ல வாங்கினேன், திறந்தேன், பயந்து மூடிட்டேன். இப்ப என்ன பண்ணட்டும்?" இன்னைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம். கேட்டுக்கிட்டே ஆடலாம்னு நினைக்கிறவங்க இப்பவே கேமைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி வச்சுக்கங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஸ்வீடன்ல இருக்கிற பாரடாக்ஸ் டெவலப்மென்ட் ஸ்டூடியோ உருவாக்கி, 2016 மே மாசம் வெளிவந்த கேம் இது. 2200-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி ஆட்டம் தொடங்கும். உங்க கையில ஒரு தாய்க் கிரகம், ஒரு சயின்ஸ் ஷிப், ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் ஷிப், பேருக்கு மூணு குட்டிப் போர்க்கப்பல். அவ்வளவுதான். அங்கிருந்து நூத்துக்கணக்கான நட்சத்திரங்களுக்கு நடுவுல ஒரு பேரரசை வளர்க்கணும்.

ஸ்டீம்ல வாங்கினவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாங்கின 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்னு ஒரு விதி இருக்கே, அது இந்த கேமுக்கு ஒத்துவராது. ரெண்டு மணி நேரத்துல நிதானமா ஆடுற ஒரு ஆளு 2220-ஐத் தொடுறதே கஷ்டம். அதுவரைக்கும் கேம் உங்களுக்கு எந்தப் பெரிய கஷ்டமும் கொடுக்காது. "சூப்பரா போகுதே"ன்னு தோணும். அடி விழறது அதுக்கு அப்புறம்தான். அதனால வாங்குறதுக்கு முன்னாடி யாராவது முழுசா ஆடுற வீடியோ ஒண்ணு பார்த்துடுங்க, முதல் அரை மணி நேரம் இல்ல, நடுவுல இருந்து. அது பிடிச்சா வாங்குங்க.

அந்த அடி எப்படி விழுதுன்னு முதல்ல சொல்லிடறேன். 2230, 2235 வாக்குல பக்கத்து நாட்டுக்காரன் போர் அறிவிப்பான். அவன் கப்பல் படை உங்களதைவிட ரெண்டு மடங்கு இருக்கும். புதுசா ஆடுறவங்க உடனே என்ன நினைப்பாங்க? "நான் கப்பலை சரியா டிசைன் பண்ணல, சண்டை போடத் தெரியல." கூகுள்ல போய் கப்பல் டிசைன் தேடுவாங்க. ஆனா அந்தப் போர் தோத்தது 2235-ல இல்ல. 2215, 2220-லயே ஸ்க்ரீனுக்கு மேல இருக்கிற அந்தக் கோட்டுல தோத்தாச்சு. மேல வரிசையா நம்பர் ஓடுதே, எனர்ஜி, மினரல்ஸ், உணவு, கன்ஸ்யூமர் கூட்ஸ், அலாய்ஸ்னு, அந்தக் கோடு.

அதை இப்பப் பிரிச்சுப் பார்க்கலாம். பச்சையா இருந்தா நல்லது, சிவப்பா இருந்தா கெட்டதுன்னு மட்டும் பார்த்தா போதாது. அது ஒரு சங்கிலி. நிலத்துலயிருந்தும் சுரங்கத்துலயிருந்தும் நேரடியா வர்றது மூணு: எனர்ஜி, மினரல்ஸ், உணவு. அந்த மினரல்ஸை எடுத்து ரெண்டு வேலையில போடலாம். ஒண்ணு கன்ஸ்யூமர் கூட்ஸ், அதாவது மக்கள் வீட்டுக்கு வேண்டிய சாமான். இன்னொண்ணு அலாய்ஸ், அதாவது கப்பலும் ஸ்டார்பேஸும் கட்டுற உலோகம். ரெண்டும் ஒரே பானையில இருந்து எடுக்கிற சோறு. ஒண்ணுக்கு அள்ளிப் போட்டா இன்னொண்ணு காயும்.

இப்ப ஒரு புது ஆட்டக்காரர் என்ன பண்ணுவார்னு பாருங்க. "டெக்னாலஜிதான் எதிர்காலம்"னு எங்கயோ படிச்சிருப்பார். உண்மைதான். உடனே எல்லாக் கிரகத்துலயும் ஆராய்ச்சிக்கூடம் கட்டுவார். ஆனா ஆராய்ச்சியாளருக்குச் சும்மா வேலை ஓடாது, ஒவ்வொருத்தருக்கும் மாசாமாசம் கன்ஸ்யூமர் கூட்ஸ் போகும். அது சிவப்பாகும். அதைச் சரி பண்ண இன்னும் ரெண்டு தொழிற்சாலை கட்டுவார். அது மினரல்ஸைத் தின்னும். மினரல்ஸ் சிவப்பாகும். உடனே அலாய் உற்பத்தியைக் குறைப்பார். இப்ப மேல எல்லாம் பச்சை. நிம்மதி. ஆனா பத்து வருஷமா ஒரு கப்பல்கூட புதுசா வரல. பக்கத்து நாட்டுக்காரன் திரையில உங்க கடற்படைக்கு எதிர்ல "பரிதாபம்"னு அர்த்தம் வர்ற சொல் ஒண்ணு உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆடுற நாடுகள் யாரைத் தாக்கலாம்னு முடிவெடுக்கிறப்ப உங்க பலத்தையும் எடை போட்டுப் பார்க்கும். அவனுக்கு வேற அழைப்பிதழ் வேணுமா?

அதனால முதல் முப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு பழக்கம் வச்சுக்கங்க. எந்தக் கட்டடத்தைக் கட்டறதுக்கு முன்னாடியும், "இந்த வேலை எதைத் தின்னும்?"னு மவுஸை அது மேல வச்சுப் பாருங்க. இந்த கேம் அந்த விஷயத்துல ரொம்ப நேர்மை, மவுஸை வச்சா எல்லாக் கணக்கையும் விரிச்சுக் காட்டிடும். புதுசா ஆடுறவங்க நிறைய பேர் அதைப் படிக்கிறதே இல்ல. கட்டி முடிச்சதும் கணக்கு முழுசா மாறாது, அங்க வேலைக்கு ஆள் வந்ததும்தான் முழுசா மாறும். இன்னைக்கு பச்சையா இருக்கிறது ரெண்டு வருஷம் கழிச்சு சிவப்பாகலாம். மாசச் சம்பளத்துல இஎம்ஐ போட்டவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

சிவப்பைப் பார்த்தே பயப்படவும் வேண்டாம். கையிருப்பு 2000 இருக்கு, மாசம் 5 குறையுதுன்னா அது பிரச்சினையே இல்ல, நிறைய காலம் இருக்கு. கையிருப்பு 40, மாசம் 8 குறையுதுன்னா அதுதான் அவசரம். பூஜ்ஜியத்தைத் தொட்டா கேம் தண்டனை போட ஆரம்பிக்கும், ஒரு இடத்துல தட்டுப்பாடு வந்தா அது இன்னொரு இடத்துக்குப் பரவும். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் மார்க்கெட் இருக்கு. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்குற மாதிரி போட்டு வைக்கலாம். ஒரே நாள்ல மொத்தமா அள்ளினா விலை ஏறிடும். தற்காலிகத்துக்கு நல்லது, அதையே நம்பிக் குடும்பம் நடத்தாதீங்க.

இதுக்கு நேர் எதிரான வியாதியும் ஒண்ணு இருக்கு. சேர்த்து வைக்கிறது. "பின்னாடி தேவைப்படும்"னு 8000 மினரல்ஸ், 5000 எனர்ஜின்னு பூட்டி வைக்கிறவங்க இருக்காங்க. நம்ம வீட்டுப் பழக்கம் அப்படி, தப்பு சொல்ல முடியாது. ஆனா இங்க வட்டி கிடையாது. சேமிப்புக்கு உச்சவரம்பும் உண்டு, அதைத் தாண்டி வர்றது வீண். 2210-ல கட்டின ஒரு சுரங்கம் 2240 வரைக்கும் 30 வருஷம் உங்களுக்குச் சம்பாதிச்சுக் கொடுக்கும். 2230-ல கட்டினா பத்தே வருஷம். குறிப்பா இன்ஃப்ளூயன்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஊதா நிறத்துல. அது சொட்டுச் சொட்டாத்தான் வரும், காசு கொடுத்து மார்க்கெட்ல வாங்க முடியாது. அது 1000-ல போய் முட்டி நிக்குதுன்னா உங்க எல்லை அந்த அளவுக்கு வளராம நின்னிருக்குன்னு அர்த்தம்.

எல்லைன்னு சொன்னதும் விரிவாக்கம். புது நட்சத்திரத்தைப் பிடிக்க அங்க ஒரு அவுட்போஸ்ட் கட்டணும். பொதுவா 100 அலாய்ஸ், கூடவே இன்ஃப்ளூயன்ஸ். தூரம் கூடக் கூட இன்ஃப்ளூயன்ஸ் செலவு ஏறும். இங்க ஒரு பழைய கதை தெரிஞ்சா நல்லது. முதல்ல வந்த ஸ்டெல்லாரிஸ்ல கப்பல் பயணத்துக்கு மூணு வழி இருந்தது: வார்ப், வார்ம்ஹோல், ஹைப்பர்லேன். எதிரி எங்கிருந்து வேணாலும் குதிப்பான். 2018 பிப்ரவரியில வந்த 2.0 பதிப்புல தொடக்கத்துக்கு ஹைப்பர்லேன் மட்டும்னு மாத்திட்டாங்க. நிறைய பழைய ஆட்டக்காரங்களுக்குக் கோபம். எனக்கென்னவோ கேமைக் காப்பாத்தினதே அந்த முடிவுதான்னு தோணும். ஏன்னா அப்பத்தான் வரைபடத்துல கணவாய் உண்டாச்சு. நாலு நட்சத்திரத்துக்குப் போற வழி ஒரே நட்சத்திரம் வழியாத்தான்னா, அந்த ஒண்ணைப் பிடிங்க. உள்ள இருக்கிற நாலும் தானா உங்களதுதான், அவசரமே இல்ல, பின்னாடி நிதானமா நிரப்பிக்கலாம். பார்க்கிற நட்சத்திரத்தை எல்லாம் வரிசையா பிடிக்கிறவங்க, வாசலை விட்டுட்டு சமையலறையைப் பூட்டிக்கிட்டு இருப்பாங்க.

வாசல் எங்க இருக்குன்னு தெரியணும்னா சயின்ஸ் ஷிப் வேணும். முதல் சில மாசத்துலயே இன்னொண்ணு கட்டிடுங்க. ஒண்ணு வீட்டைச் சுத்தி சர்வே பண்ணட்டும், இன்னொண்ணு தூரமா போய் யார் யார் இருக்காங்கன்னு பார்க்கட்டும். வழியில விண்வெளித் திமிங்கலம் மாதிரி டியாங்கின்னு ஒரு உயிரினம் வரும். அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும், நீங்க சீண்டாத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. மத்த சிலது அப்படி இல்ல. கப்பல் மேல மண்டையோடு அடையாளம் தெரிஞ்சா சுத்திப் போங்க.

குடியேறக்கூடிய கிரகம் ரெண்டு உங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கும், சாதாரண அமைப்புல கேமே அதை உறுதி பண்ணிடும். அதுல குடியேறுங்க. ஆனா காலனி முதல் சில வருஷம் வெறும் செலவுதான், குழந்தை மாதிரி. ஒரே நேரத்துல நாலு காலனி ஆரம்பிச்சுட்டு "ஏன் எல்லாம் சிவப்பாச்சு"ன்னு கேட்டா பதில் அங்கயே இருக்கு. விரலுக்கேத்த வீக்கம்.

டெக்னாலஜி பத்திச் சுருக்கமா. மத்த கேம்கள்ல இருக்கிற மாதிரி பெரிய மரம் போட்ட படம் இங்க இல்ல. இயற்பியல், சமூகம், பொறியியல்னு மூணு துறை. ஒவ்வொண்ணுலயும் சீட்டு மாதிரி வழக்கமா மூணு தேர்வு வரும், எது வரும்னு கொஞ்சம் அதிர்ஷ்டம். தொடக்கத்துல உற்பத்தியைச் சதவீதத்துல ஏத்துற சீட்டு வந்தா கண்ணை மூடி எடுங்க. பளபளன்னு ஆயுதம் காத்திருக்கட்டும்.

சரி, போர். அப்படியும் ஒருத்தன் வந்துட்டான்னு வைங்க. முதல்ல ஸ்பேஸ் பார். இந்த கேம்ல நிறுத்தி வச்சுக்கிட்டே எல்லாக் கட்டளையும் கொடுக்கலாம். அது ஏமாத்து வேலை இல்ல, கேம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. நிறுத்திட்டு அவன் உங்க எந்த நட்சத்திரங்கள் மேல உரிமை கோரியிருக்கான்னு பாருங்க. பெரும்பாலான போர்ல அவனுக்கு வேணும்கிறது ரெண்டு மூணு நட்சத்திரம்தான். ஃபனாடிக் ப்யூரிஃபயர் மாதிரி பேச்சுவார்த்தைக்கே வராத வெறியர்கள் பக்கத்துல இருந்தா கதை வேற. மத்தபடி சோர்வு ஏற ஏறப் போர் ஒரு கட்டத்துல நின்னுடும். அவன் உரிமை கோரி, முழுசா பிடிச்சு வச்சிருக்கிறது மட்டும் போகும். மூணு நட்சத்திரம் போனதுக்கு ஆட்டத்தையே அழிச்சுட்டுப் புதுசா தொடங்காதீங்க. தொடர்ந்து ஆடினா அந்த எல்லை மேல உங்களுக்கு ஒரு பகை வளரும் பாருங்க, இந்த கேமோட ருசியே அங்கதான்.

பாதுகாக்கிறதுக்கு வழி எளிமை. வாசல் நட்சத்திரத்துல ஸ்டார்பேஸை மேம்படுத்தி, பீரங்கி போட்டு வைங்க. படையை அதோட சேர்த்து நிறுத்துங்க. படையைத் தனியா வெளியே அனுப்பி, ஸ்டார்பேஸைத் தனியா விட்டா ரெண்டும் தனித்தனியா அடி வாங்கும். தோக்குற மாதிரி இருந்தா பின்வாங்கும் பொத்தானை அமுக்குங்க. கப்பல் கொஞ்ச காலம் காணாமப் போகும், ஆனா திரும்ப வரும். கப்பலைக் காப்பாத்துறதுதான் முக்கியம், கௌரவம் இல்ல.

ஆயுதத்துக்கு இப்போதைக்கு இவ்வளவு தெரிஞ்சா போதும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஷீல்டு, அதுக்குள்ள கவசம், அதுக்குள்ள உடம்பு. லேசர் கவசத்தை நல்லா உருக்கும், ஷீல்டுகிட்ட தடுமாறும். குண்டு வகை ஆயுதம் அதுக்கு நேர் எதிர். ஏவுகணை ஷீல்டைத் தாண்டி உள்ள போயிடும். எதிரிகிட்ட எது அதிகம்னு பார்த்து மாத்திக்கங்க. அதுவரைக்கும் தானியங்கி டிசைனே போதும்.

வரைபட ஓரத்துல சின்ன எல்லையோட, ஆனா உங்களால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத படையோட சில நாடுகள் தூங்கிக்கிட்டு இருக்கும். ஃபாலன் எம்பயர்னு பேர். ஒரு காலத்துல வானத்தையே ஆண்டவங்க. அவங்களைச் சீண்டாதீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எதுல சீண்டல்ங்கிறதுதான் விஷயம், ஆளுக்கு ஆள் வேற. மதவாதிகள் சில கிரகங்களைப் புனிதம்னு வச்சிருப்பாங்க, அங்க குடியேறினா வந்து நிப்பாங்க. அந்நியரை வெறுக்கிறவங்களுக்கு நீங்க எல்லையை ஒட்டி வந்தாலே கோபம். ஆழம் தெரியாம காலை விடாம, முதல்ல அவங்க விவரப் பக்கத்தைப் படிச்சுடுங்க.

ஆட்டம் தொடங்குறப்ப வைக்க வேண்டிய அமைப்பையும் சொல்லிடறேன், நிறைய பேர் இங்கயே தடுக்கி விழறாங்க. கேலக்ஸி அளவு 200-ல இருந்து 1000 நட்சத்திரம் வரைக்கும் இருக்கு. 400 எடுங்க. உங்க லேப்டாப் நன்றி சொல்லும், ஏன்னா மக்கள் தொகை பெருகப் பெருக ஆட்டம் பின்னாடி மெதுவாகும். முன்கூட்டியே வளர்ந்த நாடுகள்னு ஒரு அமைப்பு இருக்கு, அதைப் பூஜ்ஜியமாக்குங்க. கடினம் கீழ இருக்கட்டும், அயர்ன்மேன் வேண்டாம். நாடு தேர்வுக்கு "யுனைடெட் நேஷன்ஸ் ஆஃப் எர்த்". பூமி, மனுஷங்க, ஜனநாயகம், மத்த இனத்தோட சுமுகம். அதே பட்டியல்ல "காமன்வெல்த் ஆஃப் மேன்"னு இன்னொரு மனுஷ நாடு இருக்கும். பூமியில இருந்து கிளம்பி வழி தவறிப் போனவங்களோட வாரிசுங்க, இப்ப யாரையும் பிடிக்காத ராணுவ நாடு. ஒரே இனம், ரெண்டு வரலாறு. ரெண்டாவது ஆட்டத்துக்கு அது அருமை.

இங்க ஒரு விஷயம், தவிர்க்காம பேசிடணும். இந்த வகை கேமுக்கு ஃபோர் எக்ஸ்னு பேர் வந்தது 1993-ல. ஆலன் எம்ரிச்ங்கிறவர் மாஸ்டர் ஆஃப் ஓரியன் பத்தி எழுதினப்ப வச்சது. தேடு, விரி, சுரண்டு, அழி. ஸ்டெல்லாரிஸ்ல அந்த நாலாவது சொல் ஒரு மெனு. ஒரு இனத்தை அடிமையாக்கலாமா, விரட்டலாமா, ஒழிக்கலாமான்னு ஒரு பட்டியல்ல தேர்வு பண்ணா போதும், உற்பத்தி நம்பர் மாறும். சில வீடியோக்கள்ல இதை "சிறந்த ஸ்ட்ராட்டஜி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லித் தருவாங்க. கேம்தானே, ஆடக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். கொடூர நாடா ஆடிப் பார்க்கிறதும் ஒரு கதைதான். ஆனா முதல் ஆட்டத்துலயே அதை வெறும் போனஸா கத்துக்காதீங்க. அந்த மெனுவை ஒரு தடவை நிறுத்திப் படிங்க. நிஜப் பேரரசுகளோட கணக்குப் புத்தகத்துல ஜனங்க எப்படி வெறும் எண்ணிக்கையா தெரிஞ்சிருப்பாங்கன்னு எந்த வரலாற்று வகுப்பும் எனக்கு இவ்வளவு சங்கடமா காட்டினதில்ல. இன்னொரு பக்கம், ஆட்டக் கணக்காவே பார்த்தாலும் எல்லாரையும் பகைச்சுக்கிட்டு ஆடுறது புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டமான வழி. பக்கத்து நாட்டுக்குத் தூதரை அனுப்பி உறவை வளர்த்தா, ஒரு எல்லையில காவல் செலவே மிச்சம்.

கடைசியா, எங்க கத்துக்கிறதுன்னு கேட்டீங்க. யூடியூப்ல தேடுங்க, ஆனா வீடியோ எந்தப் பதிப்புக்குன்னு தேதியைப் பாருங்க. 2018 டிசம்பர்ல 2.2 வந்தப்ப கிரகத்தை நடத்துற முறையையே தலைகீழா மாத்தினாங்க. 2025 மே மாசம் 4.0 வந்தப்ப மக்கள் தொகை, வர்த்தகம் எல்லாம் மறுபடி மாறிச்சு. பழைய வீடியோல மார்க்கெட்ல எனர்ஜி கொடுத்து வாங்குவாங்க, 4.0-ல ட்ரேட்னு தனிச் சரக்கு கொடுத்து வாங்கணும். உங்க ஸ்க்ரீன்ல இல்லாத பொத்தானை வீடியோல அமுக்கினா உங்க மேல சந்தேகப்படாதீங்க, வீடியோ பழசு.

டிஎல்சி பட்டியலைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம். முதல் ஆட்டம் முடியுற வரைக்கும் எதுவுமே வாங்காதீங்க, அடிப்படை கேமே பல மாசத்துக்கு வரும். நண்பர்களோட ஆடுறவங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: ஹோஸ்ட் பண்றவர்கிட்ட இருக்கிற டிஎல்சி, அந்த ஆட்டத்துல சேர்ற எல்லாருக்கும் வேலை செய்யும். உங்க கும்பல்ல எல்லா டிஎல்சியும் வச்சிருக்கிற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவரைப் பிடிச்சு ஹோஸ்ட் ஆக்குங்க. அந்த ஆட்டத்துல அவருக்குப் பக்கத்துல மட்டும் இடம் எடுத்துடாதீங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.